இன்னும் என்ன தெரிய வேண்டும்?

2022-ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வின் இறுதி முடிவு 2023 மே மாதம் வெளியானது. பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் நாடு முழுக்க 933 பேர். வழக்கம்போல அடுத்த நாளே பயிற்சி மையங்களின் விளம்பரங்கள் பத்திரிகைகளை நிறைத்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 20 மையங்களின் விளம்பரங்களை எடுத்துவைத்துக் கூட்டிப் பார்த்தது. 'எங்களிடம் படித்து வென்றவர்கள்' என்று அந்த 20 மையங்கள் காட்டிய கணக்கு மூவாயிரத்தைத் தாண்டியது.

ஒரே முகம் நான்கைந்து மையங்களின் சுவரொட்டிகளில் இருந்தது. படங்கள் உண்மையானவை, பெயரும் ரேங்க்கும் உண்மையானவை. ஆனால் அவர்களில் பலர் முதல்நிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் வேறு வழியில் தாண்டிவிட்டு, நேர்முகத் தேர்வுக்கு முன்னால் நடக்கும் மாதிரி நேர்காணலுக்கு மட்டும் அந்த மையத்துக்குப் போனவர்கள். பெரும்பாலும் கட்டணமே இல்லாத வகுப்பு அது. விளம்பரம் அந்த ஒரு தகவலைச் சொல்லவில்லை. 2024 நவம்பரில் ஆணையம் பயிற்சித் துறைக்கென்று தனி வழிகாட்டு நெறிகளைக் கொண்டுவந்தது. வென்றவரின் படத்தைப் போட்டால், அவர் சேர்ந்த படிப்பு எது, எத்தனை நாள் படித்தார், பணம் கட்டிச் சேர்ந்தாரா என்பதையும் சேர்த்தே போட வேண்டும் என்றது.

விளம்பரத்தை ஒரு வாதமாக எழுதிப் பார்த்தால் இரண்டே வரிதான். 'எங்களிடம் வந்த இத்தனை பேர் வென்றார்கள். ஆகவே எங்களிடம் வந்தால் நீங்களும் வெல்லலாம்.' முதல் வரி உண்மை. இரண்டாவது வரி உண்மையாக வேண்டுமானால் நடுவில் இன்னும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? வென்றவர்கள் அங்கே என்ன படித்தார்கள்? அங்கே போகாமல் இருந்தாலும் அவர்கள் வென்றிருப்பார்களா? நடுவில் விடுபட்டதைக் கேட்கத் தெரிகிறதா என்று சோதிப்பதற்கென்றே போட்டித் தேர்வுகளில் ஒரு கேள்வி வகை இருக்கிறது. கிரிட்டிகல் ரீசனிங் என்று சொல்லும் பகுதியில், வாதத்தை மதிப்பிடச் சொல்லும் கேள்வி.

லட்சக்கணக்கான தமிழ் இளைஞர்கள் ஏதாவது ஒரு வடிவத்தில் இதைச் சந்திக்கிறார்கள். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் 2023 நவம்பரில் புது வடிவத்துக்கு மாறியபோது, வாக்கியத் திருத்தக் கேள்விகள் நீக்கப்பட்டன. மொழிப் பகுதியில் மிஞ்சியவை வாசித்தறிதலும் கிரிட்டிகல் ரீசனிங்கும்தான். 23 கேள்விகள், 45 நிமிடங்கள். அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான எல்சாட் 2024 ஆகஸ்டில் தன் புகழ்பெற்ற புதிர்ப் பகுதியைக் கைவிட்டு, வாதங்களை ஆராயும் பகுதியை இரட்டிப்பாக்கியது. இந்தியச் சட்டக் கல்லூரிகளுக்கான கிளாட், 2020 முதல் நீண்ட பத்தியைக் கொடுத்து அதன் வாதத்தை உடைக்கச் சொல்கிறது. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் சிசாட் தாளில், பத்திக்குள் ஒளிந்திருக்கும் அனுமானம் எது என்று கேட்கிறார்கள். வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இது 'கூற்று–வாதம்' என்ற பெயரில் வருகிறது.

மாக் டெஸ்ட் முடிந்ததும் பல மாணவர்கள் ஒன்றுபோலச் சொல்வது: 'ரெண்டு ஆப்ஷன் வரைக்கும் வந்துட்டேன், அதுல தப்பானதைப் போட்டுட்டேன்.' கணக்கில் தவறினால் எந்த வரியில் தவறியது என்று கண்டுபிடித்துவிடலாம். இங்கே தவறினால், விடையைப் பார்த்த பிறகும் மனம் ஒப்புவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய பழக்கம் ஒன்றை இந்தக் கேள்வி தலைகீழாகப் புரட்டுகிறது.

ஒரு கேள்வி, கிட்டத்தில்

இந்தக் கட்டுரைக்காக எழுதிய மாதிரிக் கேள்வி இது. தேர்வில் வருவதும் இந்த அச்சில்தான் இருக்கும்.

ஒரு நகராட்சி, தன் மத்தியப் பேருந்து நிலையத்தில் ஜனவரி மாதம் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தியது. அடுத்த ஆறு மாதங்களில் அங்கே பதிவான பிக்பாக்கெட் புகார்கள், முந்தைய ஆறு மாதங்களைவிடப் பாதியாகக் குறைந்தன. ஆகவே கேமராக்கள் திருட்டைத் தடுத்துவிட்டன என்கிறார் நகராட்சித் தலைவர். இந்த வாதத்தை மதிப்பிட எதைத் தெரிந்துகொள்வது மிகவும் உதவும்?

அ) கேமராக்களுக்கு ஆன மொத்தச் செலவு எவ்வளவு?
ஆ) பயணிகளில் பெரும்பாலோர் கேமராக்களை வரவேற்றார்களா?
இ) அந்த ஆறு மாதங்களில் நிலையத்துக்கு வந்த பயணிகளின் எண்ணிக்கை பெரிதாக மாறியதா?
ஈ) பிற நகராட்சிகளும் கேமரா பொருத்தத் திட்டமிட்டுள்ளனவா?
உ) பதிவான புகார்களில் எத்தனையில் பறிபோன பொருள் திரும்பக் கிடைத்தது?

நல்ல மாணவர்கள் 'அ'வில் விழுகிறார்கள். பொதுப் பணம், செலவுக் கணக்கு முக்கியம் என்பது அவர்கள் வாதம். முக்கியம்தான். ஆனால் நகராட்சித் தலைவர் கேமரா வாங்கியது லாபம் என்று சொல்லவில்லை. திருட்டு குறைந்ததற்குக் கேமராதான் காரணம் என்று மட்டும் சொன்னார். செலவு ஒரு லட்சமாக இருந்தாலும் ஒரு கோடியாக இருந்தாலும் அந்தக் கூற்று அசையாது. 'உ' இன்னும் கவர்ச்சியானது, ஏனென்றால் அதில் திருட்டு இருக்கிறது, புகார் இருக்கிறது, பத்தியில் வந்த சொற்களெல்லாம் இருக்கின்றன. பொருள் திரும்பக் கிடைத்ததா என்பது நடந்த திருட்டுக்குப் பின்னால் வருகிற கதை. திருட்டு ஏன் குறைந்தது என்பதற்கு அது பதில் சொல்லாது.

'இ'யை எடுத்து இரண்டு பக்கமும் போட்டுப் பார்க்க வேண்டும். பயணிகள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கூட்டம் குறைந்ததால் புகாரும் குறைந்தது, கேமராவுக்குப் பெருமை இல்லை. எண்ணிக்கை மாறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது தலைவரின் வாதம் சற்று நிமிர்ந்து நிற்கும். ஒரு பதில் வாதத்தைச் சாய்க்கிறது, மறு பதில் தூக்கி நிறுத்துகிறது. சரியான விடைக்கு அடையாளம் இது ஒன்றுதான். 'ஆம்' என்று பதில் வந்தாலும் 'இல்லை' என்று வந்தாலும் வாதம் இருந்த இடத்திலேயே இருந்தால், அந்த ஆப்ஷன் எவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தாலும் தள்ளிவிட வேண்டியதுதான்.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி கற்பனையாகத் தோன்றாது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே போன பிறகு, கோயம்பேட்டில் எதன் எண்ணிக்கை குறைந்தாலும் முதலில் கேட்க வேண்டியது அங்கே எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைத்தான்.

பத்தியில் இன்னொரு விரிசலும் இருக்கிறது, அதைக் கவனிக்கிற மாணவர் அபூர்வம். குறைந்தவை 'பதிவான புகார்கள்'. முடிவு பேசுவதோ 'திருட்டு' பற்றி. நிலையத்தில் இருந்த புறக்காவல் நிலையம் அந்த மாதங்களில் மூடப்பட்டிருந்தால், திருட்டு குறையாமலே புகார் குறைந்திருக்கும். தேர்வு எழுதுகிறவர் பத்தியைப் படிக்கும்போதே ஆதாரம் எதைப் பற்றிப் பேசுகிறது, முடிவு எதைப் பற்றிப் பேசுகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த விரிசல் தானாகவே தெரியும். ஆங்கிலேயத் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958-இல் வாதத்தின் அமைப்பைப் பற்றி எழுதிய நூலில், ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போக அனுமதி தருகிற, பெரும்பாலும் சொல்லப்படாமலே நிற்கிற ஓர் உறுப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். தேர்வுக் கேள்விகள் குடைவது அந்த உறுப்பைத்தான்.

வலுவான வாதம், பலவீனமான வாதம்

வங்கித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பார்ப்பது வேறு வடிவம். 'நகரங்களில் பிளாஸ்டிக் பைகளை முழுவதும் தடை செய்ய வேண்டுமா?' என்று ஒரு கூற்று. கீழே இரண்டு வாதங்கள். ஒன்று: 'ஆம், பல நாடுகள் தடை செய்துவிட்டன.' இரண்டு: 'இல்லை, மலிவான மாற்று இல்லாத நிலையில் சிறு வியாபாரிகளின் பிழைப்பு பாதிக்கப்படும்.' எது வலுவானது? வழக்கமான விடைக் குறிப்பு, இரண்டாவதுதான் வலுவானது என்னும். மற்றவர்கள் செய்தார்கள் என்பது செய்யத்தக்க காரணம் ஆகாது. பிழைப்பு கெடும் என்பது கூற்றோடு நேராகத் தொடர்புள்ள, எடையுள்ள காரணம்.

தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். 2019 ஜனவரி முதல் இங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது. மாற்றுப் பை உண்டு என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால் இரண்டாவது வாதத்தைப் பலவீனமானது என்று தள்ளுகிறார், மதிப்பெண் போய்விடுகிறது. கொடுத்த காரணம் உண்மை என்றே வைத்துக்கொள், அதன் பிறகு அது கூற்றைத் தாங்குகிறதா என்று மட்டும் பார் என்பது இந்தக் கேள்வியின் விதி. விதியைச் சொல்லிக்கொடுக்காமல் விடையை மட்டும் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில், மாணவர் தன் உலக அறிவே தன்னைக் கவிழ்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

அந்த வகுப்புகளில் ஷார்ட்கட்டுகளும் உண்டு. 'மட்டுமே', 'எப்போதும்' வந்தால் பலவீனம். வெளிநாட்டு உதாரணம் வந்தால் பலவீனம். கூற்றையே திருப்பிச் சொன்னால் பலவீனம். கடைசி ஒன்று சரி. முதல் இரண்டும் பல நேரம் வேலை செய்யும், ஏனென்றால் கேள்வி எழுதுகிறவர்களும் அதே ஷார்ட்கட்டை மனதில் வைத்து எழுதுகிறார்கள். ஆனால் வேறொரு நாட்டில் ஒரு திட்டத்தை நடைமுறைப்படுத்தி, அளந்து, விளைவைக் கண்டிருந்தால் அந்த உதாரணம் மிக வலுவான ஆதாரம். சொல்லைப் பார்த்து வாதத்தைத் தள்ளும் பயிற்சி கட்-ஆஃபைத் தாண்ட உதவலாம். ஜிமேட்டுக்கோ கிளாட்டுக்கோ அதே மாணவர் போனால், அந்தப் பயிற்சியே காலைத் தடுக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வலுவா பலவீனமா என்று முத்திரை குத்தச் சொல்லும் கேள்வியைவிட, இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று கேட்கும் கேள்விதான் நேர்மையானது. வாதம் அரைகுறையாக இருப்பதை அது ஒப்புக்கொள்கிறது.

வலு–பலவீனம் கேள்வியின் பிறப்பு மட்டும் கௌரவமானது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் குட்வின் வாட்சன் 1925-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மனிதர்களின் நடுநிலையை அளக்க முடியுமா என்பது அவர் கேள்வி. மதம், பொருளாதாரம் போன்ற சர்ச்சைகளில் இரு தரப்பு வாதங்களையும் ஒருவர் முன் வைத்து, எவை வலுவானவை என்று குறிக்கச் சொன்னார். தன் கட்சி வாதமெல்லாம் வலு, எதிர்க்கட்சி வாதமெல்லாம் பலவீனம் என்று குறிக்கிறவரின் சாய்வு அப்படியே வெளியே வந்துவிடும். அவரும் எட்வர்ட் கிளேசரும் பின்னர் உருவாக்கிய சோதனை, வாட்சன்–கிளேசர் என்ற பெயரில் இன்றும் சட்ட நிறுவனங்களின் வேலைத் தேர்வுகளில் பயன்படுகிறது. அதன் ஐந்து பகுதிகளில் ஒன்று, வாதங்களை மதிப்பிடுதல்.

சொந்த நம்பிக்கை குறுக்கே வரும்போது

வாட்சன் சந்தேகப்பட்டதை 1979-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் மிகத் தெளிவாகக் காட்டினார்கள். மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்கள், எதிர்க்கும் 24 மாணவர்கள். அனைவருக்கும் இரண்டு ஆய்வுச் சுருக்கங்கள். ஒன்று, மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றது. மற்றது, குறைக்கவில்லை என்றது. ஓர் ஆய்வு, தண்டனையைக் கொண்டுவருவதற்கு முன்னும் பின்னும் ஒரே மாநிலங்களை ஒப்பிட்டது. இன்னொன்று, தண்டனை உள்ள மாநிலத்தையும் பக்கத்தில் தண்டனை இல்லாத மாநிலத்தையும் ஒப்பிட்டது. இரண்டுமே ஆராய்ச்சியாளர்கள் தாங்களே எழுதிவைத்தவை. எந்த முறை எந்த முடிவைத் தந்தது என்பதை மாணவருக்கு மாணவர் மாற்றிக் கொடுத்தார்கள்.

மாணவர்கள் ஆய்வு முறைகளைக் கூர்மையாகவே விமரிசித்தார்கள். ஆனால் விமரிசனம் எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதுதான் விஷயம். தன் கருத்துக்கு ஒத்துவந்த ஆய்வு நன்றாகச் செய்யப்பட்டதாகவும், ஒத்துவராதது ஓட்டைகள் நிறைந்ததாகவும் அவர்களுக்குத் தெரிந்தது. இரண்டு பக்கச் சான்றையும் படித்து முடித்த பிறகு இரு தரப்பும் நெருங்கி வரவில்லை, தங்கள் நிலையில் முன்னைவிட உறுதியாகிவிட்டதாகவே சொன்னார்கள். கீத் ஸ்டானோவிச், ரிச்சர்ட் வெஸ்ட் போன்ற உளவியலாளர்கள் பிற்காலத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, தன் பக்கச் சாய்வு என்பது அறிவுக்கூர்மை அதிகமானால் தானாகக் குறைந்துவிடும் குணம் இல்லை என்று கண்டார்கள். புத்திசாலிப் பிள்ளை இந்தப் பகுதியில் தவறுவதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இந்தச் சாய்வை ஒரு நொடியாவது நிறுத்திவைக்க, கேட்க வேண்டிய கேள்வியை முன்கூட்டியே எழுதிவிடுவதுதான் வழி. பதில் எந்தப் பக்கம் வந்தாலும் ஏற்பேன் என்ற ஒப்பந்தத்தோடு எழுத வேண்டும். நம் ஊரிலேயே ஒரு பெரிய வாதம் அப்படி மதிப்பிடப்பட்டது.

சென்னை சொன்ன பதில்

1950-களில் காசநோய் என்றால் சானடோரியம். ரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்ட தாம்பரம் சானடோரியத்தை 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கினார். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு, மருத்துவர் கண்காணிப்பு. இதில் குணமானவர்கள் உண்டு. வீட்டிலே கிடந்தவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஆகவே காசநோயாளியை சானடோரியத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்களின் வாதம். இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. வாதம் சரி என்றால் பெரும்பாலானவர்களுக்குக் கதவு மூடியாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் அந்த வாதத்துக்கான ஆதாரம் பெரும்பாலும் மருந்து வருவதற்கு முந்தைய காலத்தது. 1950-களின் நடுவில் ஐசோநியாசிட், பாஸ் போன்ற மருந்துகள் கைக்கு வந்துவிட்டன. அப்போது கேட்க வேண்டியது இது: சானடோரியத்தில் இருப்பவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தால், ஓய்வும் உணவும் இன்னும் வித்தியாசம் செய்யுமா? கூடவே இரண்டாவதாக ஒன்று: நோயாளியை வீட்டில் வைத்திருந்தால் குடும்பத்துக்கு நோய் தொற்றாதா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு, ஒரு பிரிவு வீட்டுக்கு. இரண்டுக்கும் ஒரே மருந்து, ஓர் ஆண்டு. குலுக்கிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. நோய் முற்றியவர்கள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால், வந்த வித்தியாசம் சிகிச்சையாலா, நோயின் நிலையாலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகம் உழைத்தார்கள், நெருக்கடியான அறைகளில் படுத்தார்கள். அப்படியிருந்தும் குணமான விகிதம் இரண்டு பிரிவிலும் நெருக்கமாகவே வந்தது. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அறிக்கை வெளியானது. குடும்பத்தினரைத் தொடர்ந்து கண்காணித்ததில், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்றும் தெரிந்தது. தொற்ற வேண்டியது சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே தொற்றிவிட்டிருந்தது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இந்த முடிவின் மேல்தான் எழுந்தது. சானடோரியம் வாதத்தை யாரும் குரல் உயர்த்தி மறுக்கவில்லை. அதன் நடுவில் இருந்த சொல்லப்படாத ஒரு வரியை எடுத்துச் சோதித்தார்கள், அவ்வளவே.

ஜிமேட் கேள்விகளில் நோய், மருந்து, தொழிற்சாலை, விற்பனை என்று களம் மாறுமே தவிர, விரிசல்கள் சில வகைக்குள்தான் அடங்கும். காரணம் வேறாக இருக்கலாம். காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம். ஒப்பிட்ட இரண்டும் ஒப்பிடத் தகாதவையாக இருக்கலாம். எண்ணிக்கையைக் காட்டிவிட்டு விகிதத்தைப் பற்றி முடிவு சொல்லியிருக்கலாம், அல்லது மொத்தத்தைக் காட்டிவிட்டு உள்ளே இருக்கும் பிரிவுகளை மறைத்திருக்கலாம்.

கடைசியாகச் சொன்னதற்கு எடுத்துக்காட்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். 1973 இலையுதிர் பருவத்தில் அங்கே முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் சுமார் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று முடிவு கட்ட இது போதும் போலத் தெரிகிறது. பீட்டர் பிக்கலும் உடன் ஆய்வாளர்களும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: யார் எந்தத் துறைக்கு விண்ணப்பித்தார்கள்? துறை துறையாகப் பிரித்ததும் அந்த இடைவெளி கரைந்தது. இடம் கிடைப்பதே அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களை அந்தத் துறைகளை நோக்கித் தள்ளியது எது என்பது தனி விசாரணை, அதை அந்தக் கட்டுரையும் மறக்கவில்லை. 1975-இல் சயன்ஸ் இதழில் வந்த அந்தக் கட்டுரை இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் பாடம்.

மலையும் புகையும்

இந்தத் திறமை நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டியதில்லை. மணிமேகலையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரிக்கிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையில் பார்ப்பதுபோல. அதோடு நிற்காமல், ஒவ்வோர் உறுப்பும் போலியாகப் போகும் வழிகளை வகை வகையாகச் சொல்கிறார். ஏதுப்போலி மட்டும் மூன்று பெரும் பிரிவு, அவற்றுக்குள் உட்பிரிவுகள். அதில் ஒன்று, கண்ணில் படுவது புகையா, ஆவியா, பனியா என்ற ஐயம் தீராமலே நெருப்பு உண்டு என்று துணிவது. தேர்வுத் தாளில் இதே கேள்வி வந்தால் சரியான ஆப்ஷன், 'மலைமேல் தெரிவது பனியா?' என்பதாகத்தான் இருக்கும். சங்கரசுவாமியின் நியாயப் பிரவேசம் என்ற வடமொழி நூலோடு இந்தப் பகுதி மிக நெருங்கியிருப்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பௌத்தமும் சமணமும் வைதிகமும் நேருக்கு நேர் வாதிட்ட ஊர்களில் இந்தப் பயிற்சிக்குத் தேவை இருந்தது.

இன்றைய பள்ளியில் இதற்கு மிக அருகில் வருவது 'கூற்று–காரணம்' கேள்வி. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலிலிருந்து டிஎன்பிஎஸ்சி தாள் வரை அது வருகிறது. கூற்று சரி, காரணமும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறதா? பார்வைக்கு இது வாதத்தை எடைபோடும் கேள்வி. நடப்பில் நினைவாற்றல் கேள்வி, ஏனென்றால் இரண்டு வரியும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே உள்ள 'ஏனெனில்' கூட அங்கேயே அச்சாகியிருக்கிறது. புக் பேக் கேள்விகளை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு யோசிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அச்சில் இருப்பது முழுமையானது, அதற்குள் எங்கோ விடை இருக்கிறது என்ற பழக்கத்தோடு அவர் கிரிட்டிகல் ரீசனிங்குக்கு வருகிறார். இங்கே அச்சில் இல்லாததுதான் விடை.

மொழியும் சேர்ந்து சுமையாகிறது. சிசாட் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. கிளாட் ஆங்கிலத்தில் மட்டும். சிசாட்டில் இருந்த ஆங்கில மொழியறிவு சார்ந்த கேள்விகளுக்கு எதிராக 2014-இல் இந்தி வழி மாணவர்கள் டெல்லியில் போராடினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாக அது மாறியது. 80 கேள்விகள், 2 மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு நெகட்டிவ் மார்க். தமிழ் வழியில் படித்தவர் ஒன்றரை நிமிடத்துக்குள் பத்தியை அந்நிய மொழியில் வாசித்து, புரிந்து, விரிசலையும் தேட வேண்டும். அவரால் வாதத்தை எடைபோட முடியவில்லையா, வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லையா என்பதை அந்தத் தாள் பிரித்துச் சொல்லாது.

தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில், முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறார்கள். நல்ல காரியம். அதோடு, வாதங்களைத் தமிழிலேயே பிரித்துப் பழகும் பயிற்சித் தாள்களும் வேண்டும். தமிழ் நாளிதழின் தலையங்கம் ஒன்றை எடுத்து, முடிவு எந்த வரி, ஆதாரம் எந்த வரி என்று அடிக்கோடிட்டு, இன்னும் தெரிய வேண்டியது எது என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவது போதும். அந்த வேலை கைவந்த பிறகு ஆங்கிலப் பத்தியில் பாதிச் சுமை இறங்கிவிடும், ஏனென்றால் அப்போது மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.

இதைத் தொடங்கிவைக்கத் தகுந்த இடம் டிஎன்பிஎஸ்சியே. குரூப் 1 முதல்நிலைத் தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுக்கு ஒதுக்கப்பட்டவை. பாடத்திட்டத்தைப் பார்த்தால் மீ.சி.ம., மீ.பெ.வ., தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, பகடைப் புதிர், எண் தொடர் என்று போகிறது. தருக்க அறிவு என்ற தலைப்பு இருக்கிறது, ஆனால் வாதத்தை மதிப்பிடும் கேள்விக்கு அதில் இடம் கொடுப்பதில்லை. இந்தத் தேர்வில் வென்றவர் துணை ஆட்சியராக நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் மேசைக்கு வருபவை பகடைகள் அல்ல. ஏரிக்கரையில் குடியிருப்பவர்களை அகற்ற வேண்டும் என்று ஒரு மனு, அகற்றக் கூடாது என்று இன்னொரு மனு, இரண்டிலும் காரணங்கள், இரண்டிலும் புள்ளிவிவரங்கள். அந்த 25-இல் ஐந்து கேள்விகளையாவது தமிழில் எழுதிய வாதங்களாக மாற்றினால், அடுத்த ஆண்டே மாநிலத்தின் பயிற்சி மையங்களும் நூலகங்களில் கூடிப் படிக்கும் குழுக்களும் அதற்குப் பழகத் தொடங்கிவிடும். கேள்வி எழுதுவதற்கான ஆட்களும் மொழியும் தேர்வாணையத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன.